டில்மன் பேண்டின் நீலக் கோட்டு

கான்சஸ் சிட்டியையே ஆட வைத்த ஜாஸ் பேண்டு மாஸ்டர் ரூஃபஸ் டில்மன் கண்ணை மூடியதும், அவர் பெயர் இரண்டு துண்டாயிற்று. மகள் வெர்டெல் நீலக் கோட்டு மாட்டிய 'அசல் டில்மன் பேண்டு' ஒன்றை ஆரம்பித்தாள். அண்ணன் ஆர்லன் சும்மா இருப்பானா? சிவப்புக் கோட்டு மாட்டி 'உண்மையான அசல் டில்மன் பேண்டு' தொடங்கிவிட்டான். அப்பா இருந்தவரை இன்சூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று சங்கீதக் காது முளைத்துவிட்டது.

வெர்டெலுக்கு வயிறு எரிந்தது. சின்ன வயதில் மேடைக்குப் பின்னால் சாக்ஸபோன் பெட்டிமேல் படுத்துத் தூங்கியவள் அவள்தான். அப்பா பெயர் அவளுக்குத்தான். அண்ணன் பேண்டு வாசிக்கும் தெருப்பக்கம்கூடத் தலைவைத்துப் படுப்பதில்லை என்று சபதமே எடுத்திருந்தாள். அவனும் அதே ரோஷக்காரன்.

அந்த ஊரில் பேண்டுச் சண்டையை மேடையில்தான் தீர்ப்பார்கள். நான்கு வருஷ இழுபறிக்குப் பின், பழைய நடன மண்டபத்தில் இரண்டு பேண்டும் மோத வேண்டும், தோற்றவர் டில்மன் பெயரை விட்டுவிட வேண்டும் என்று பேச்சு.

நீலக் கோட்டு முதலில் வாசித்தது. அப்பா காலத்திலிருந்தே வாசிக்கும் எல்மோரின் சாக்ஸபோனுக்கு மண்டபமே எழுந்து ஆடியது. முன்வரிசையில் இருந்த வெர்டெல், அண்ணனைப் பார்த்து வெற்றிச் சிரிப்பு சிரித்தாள். அவன் வாயைப் பிளந்து மேடையையே பார்த்துக்கொண்டிருந்ததைத் தோல்வி பயம் என்று நினைத்துக்கொண்டாள்.

இடைவேளை முடிந்து திரை விலகியது. சிவப்புக் கோட்டில் நடுநாயகமாக எல்மோர். பக்கத்தில் அவளுடைய டிரம்பெட்காரர்கள், அவளுடைய டிரம்ஸ்காரர். ஒரு முகம்கூடப் புதுசில்லை. அப்பாவின் பாட்டுகளை வாசிக்கத் தெரிந்தவர்கள் ஊரிலேயே அவ்வளவு பேர்தான். வெள்ளி நீலம், சனி சிவப்பு என்று நான்கு வருஷமாக ஓட்டியிருக்கிறார்கள். ஊருக்கே தெரிந்த சங்கதி. தெரியாத புத்திசாலிகள் இரண்டே பேர், இரண்டு பேருமே முன்வரிசையில்.

வெர்டெல் மேடை ஓரத்துக்கு ஓடினாள்.

"எல்மோர், இப்படித் துரோகம் பண்ணிட்டீங்களே."

"நாங்க வாசிச்சது எப்பவும் உங்கப்பா பாட்டுத்தான்மா," என்றார் எல்மோர். "கலர் பிரிச்சது நீங்க."

இனி யார் ஜெயித்ததாக வைப்பது என்று அறிவிப்பாளர் குழம்பிப்போய்க் கேட்டார். எல்மோர் மைக்கை வாங்கினார்.

"பேண்டு ஜெயிச்சிருச்சு. தோத்தவங்க ரெண்டு பேரும் பேரைக் கீழ வெச்சிருங்க."

பிறகு சிவப்புக் கோட்டைக் கழற்றி ஆர்லன் மடியில் போட்டார். மற்றவர்களும் அப்படியே செய்ய, இடைவேளையில் கழற்றிய நீலக் கோட்டுகளும் வெர்டெலிடம் வந்து சேர்ந்தன. எல்லாரும் வெறும் சட்டையோடு உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தார்கள். அப்பா போனபின் பெயர்ச் சண்டையில் அவள் காதில் விழாமலே இருந்த அந்த வேகம், அந்தத் துள்ளல், அப்படியே இருந்தது. கோட்டுக் குவியலில் முகம் புதைத்து வெர்டெல் அழுதாள். அது அப்பாவின் பேண்டேதான். டில்மன் என்ற பெயர் மட்டும் அதற்கு இல்லை.