தையற்காரர் நறுக்கிய வயர்

விடிந்தால் புகைச் சோதனை. வண்டி தேறாவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் வேலை வேறொரு வேனுக்குப் போய்விடும் என்று பள்ளி எழுத்தர் கறாராகச் சொல்லிவிட்டார். பதினோரு பிள்ளைகள். ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்க வேன்காரிக்கு மனசில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் புகைக்குழாயில் திருகியிருக்கும் கெட்டுப்போன சென்சார். கட்டைவிரல் அளவுதான், ஆட்டி வைக்கிற ஆட்டமோ சொல்லி மாளாது!

காலையிலேயே எஞ்சினை அணைத்துவிட்டாள். சூட்டோடு கை வைத்து வெந்துபோக அவளுக்கென்ன பைத்தியமா? குழாய் நன்றாக ஆறிய பிறகு பேட்டரி வயரைக் கழற்றினாள். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வண்டியை இரும்புத் தாங்கிகளில் நிறுத்தி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அடியில் புகுந்தாள். சென்சாரின் பிளக்கைப் பிடுங்கித் தொங்கவிட்டு, மரையில் எண்ணெய் விட்டு அரை மணி காத்திருந்தாள். அப்படியும் ஸ்பேனர் வழுக்கியது. நட்டின் முனைகள் மழுங்கத் தொடங்கின.

அவள் வீட்டுக்காரர் தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தார். கையில் கத்தரிக்கோல்.

"லைட்டை மட்டும் பிடிங்க. வேற எதையும் தொடாதீங்க."

சொன்னால் கேட்டால்தானே! தொங்குகிற நூலைக் கண்டால் முப்பது வருஷமாகச் சும்மா இருக்காத கை அது. நறுக்கென்று ஒரு சத்தம். பிளக் தரையில் விழுந்தது.

"ஐயோ! என்ன காரியம் பண்ணீங்க?"

"தொங்கிட்டு இருந்துச்சும்மா... கை தானா போயிடுச்சு."

"இது என்ன ரவிக்கையா, பிசிறு வெட்ட? இப்ப இது கழலலைன்னா பழசுக்கும் வழியில்லை, புதுசுக்கும் வழியில்லை!"

அவர் முகம் செத்துவிட்டது. அவளுக்கு அழுகையே முட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடியைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துவிட்டு மேலே பார்த்தவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. வளையம்போல வாய் மூடிய ரிங் ஸ்பேனரை நுழையவிடாமல் இத்தனை நேரம் மறித்தது அந்தப் பிளக்தான். இப்போது வெறும் வயர்தான் இருந்தது.

"அந்த ரிங் ஸ்பேனரை எடுங்க."

"எதுக்கு, என்னை அடிக்கவா?"

"எடுங்கன்னா!"

வயர் வழியாக ஏறிய ஸ்பேனர் நட்டைச் சுற்றிலும் கவ்வியது. மூச்சைப் பிடித்து இழுத்தாள். கிரீச்சென்று கத்திக்கொண்டு சென்சார் கழன்றது. வாங்கி வைத்திருந்த புதியதன் நுனியைத் தொடாமல், முதலில் கையாலேயே மரை ஏற்றிப் பிறகு இறுக்கி, அதன் பிளக்கையும் மாட்டினாள்.

மறுநாள் வண்டி தேறியது. எழுத்தரும் போனில் சரி சொல்லிவிட்டார். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"என் பேச்சைக் கேக்காம நீங்க செஞ்ச ஒரே நல்ல காரியம் இதுதான்" என்றாள்.

பக்கத்து இருக்கையில் இருந்தவர் சிரித்தார். "வேன் ஓட்டுற பொண்ணு வேண்டாம்டான்னு எங்கம்மா சொன்னாங்க. அதையும்தான் கேக்கலை."