பவுல் மனைவி

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் ஆக்னஸ். எழுபத்தேழு தேர்தலில் கீழவைப்பார் பள்ளிக்கூடத்துச் சாவடியில் மெட்டில்டாவுக்கு அடுத்து வரிசையில் நின்றவள். சொன்னதை அப்படியே எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

'அன்று கடல் அமைதியாக'

(வேண்டாம். ஆக்னஸ் கடலைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. வெயிலைப் பற்றிச் சொன்னாள்.)

2

பங்குனி வெயில். மெட்டில்டா தூத்துக்குடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். புருஷன் பவுலின் அடி தாங்காமல் ஊரைவிட்டுப் போனவள், அங்கே உப்பளத்தில் வேலை செய்தாள். போன தேர்தலில் பவுல் சொன்ன சின்னத்தில் குத்தினாள். இந்தத் தடவை தன் இஷ்டத்துக்குக் குத்த வேண்டும் என்று கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

சாவடி அதிகாரி ஆராவமுதன், ஆழ்வார்திருநகரி வாத்தியார், பட்டியலை வாசித்தார். "மெட்டில்டா. கணவர் பெயர் பவுல்."

"ஆட்சேபணை" என்றார் கட்சி ஏஜெண்ட் தேவபிரசாதம். பவுல் மீன்பிடிக்கப் போகிற வள்ளத்தின் முதலாளி. "பவுலு பொண்டாட்டி ஊர்லயே இல்ல சார். இது ஆரோ."

"ஏன் அண்ணாச்சி, கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று பின்னாலிருந்து கத்தினாள் ஆக்னஸ். "இவ கல்யாணத்துல நீங்க சாப்பிடலயா?"

"ஏளா, சும்மா கெட. புருசன் அங்கன நிக்கான். அவன் வந்து சொல்லட்டும்."

ஆண்கள் வரிசையில் நின்ற பவுலை அதிகாரி கூப்பிட்டார்.

(ஆராவமுதனைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன், வரவில்லை. புருஷன் ஒரு வார்த்தை சொன்னால் தகராறு தீரும் என்று நினைத்தார். அவனை விட்டுப் போனவளுக்கு அந்த வார்த்தை என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாது.)

3

பவுல் வந்தான். ஆள் மேல் ஆள் விட்டுக் கூப்பிட்டும் வராதவளை மேலும் கீழும் பார்த்தான்.

"மொதல்ல அவ வாயால 'நான் பவுலு பொண்டாட்டி'ன்னு சொல்லட்டும் சார். பொறவு நான் சொல்லுதேன்."

மெட்டில்டா அதிகாரியின் மேஜைப் பக்கம் திரும்பினாள். அவள் மனசுக்குள் அப்போது

(இங்கே இருந்த பக்கங்களைக் கிழித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற ஆக்னஸுக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்?)

"சார், லிஸ்ட்டுல இருக்க மெட்டில்டா நாந்தான்" என்றாள் மெட்டில்டா. "இவரு பேரைச் சேத்து எழுதுனது கவர்மெண்டு. இவரு கூட நான் வாழல. இனி வாழவும் மாட்டேன். ஓட்டு எனக்கா, இவருக்கா?"

ஆராவமுதன் பேனாவை மூடினார், திறந்தார். ஆக்னஸைப் பார்த்தார்.

"ஏம்மா, இவங்களை உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"ஞானஸ்நானத்துல இருந்தே தெரியும்."

"எனக்கும் தெரியும்" என்றாள் பின்னால் ஒருத்தி. அவளுக்கும் பின்னாலிருந்து இன்னொருத்தி.

உப்பில் வெடித்த விரலில் மை பட்டதும் எரிச்சலில் மெட்டில்டா கையை உதறினாளாம். அதிகாரி ஓட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

4

மறைப்புக்குள் போய்க் குத்தினாள். மடித்துப் பெட்டியில் போட்டாள். அந்த அறைக்கு வாசல் ஒன்றுதான். அங்கே பவுல் நின்றான்.

ஒரு முடிவில் அவனை ஒதுங்கி வழிவிட வைத்தேன். (என் ஆசை.) இன்னொன்றில் அவன் அவள் கையைப் பிடித்து இழுக்க, பெண்கள் வரிசையே அவன் மேல் பாய்ந்தது. (இதுவும் என் ஆசைதான்.)

உண்மையில் என்ன நடந்தது என்று ஆக்னஸைக் கேட்டேன்.

"எம் முறை வந்துட்டு. நான் ஓட்டுப் போடப் போயிட்டேன்."

"பிறகு அவங்க உங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னா. எங்கிட்ட சொன்னா. ஒங்களுக்கு எதுக்கு அது?"

ஆகவே மெட்டில்டா வாசலை நோக்கி நடக்கிறாள், பவுல் நிற்கிறான், நான் இதற்கு மேல் எழுதப் போவதில்லை. நீங்கள் எழுதுவதானால், அவள் நடையைக் குறைக்காமல் எழுதுங்கள்.