எல்லோரும் சூப்பர்வைசர்

எங்கள் லாண்டரியில் ஒரே நாளில் எல்லோருக்கும் பதவி உயர்வு வந்தது. மெஷினில் துவைக்கிற நான், மடிப்புக்காரி, இஸ்திரி போடுகிறவர்கள், வண்டியில் மூட்டை ஏற்றுகிற நோஞ்சான், கூட்டிப் பெருக்குகிற கிழவர், அத்தனை பேரும் சூப்பர்வைசர். முதலாளி தன் கையாலேயே எங்கள் சட்டையில் பேட்ஜ் குத்திவிட்டார். ஊசி என் நெஞ்சில் சுருக்கென்று பட்டது. அப்போதே எனக்குச் சந்தேகம்தான். சும்மா கொடுக்கிற ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

சம்பள நாளில் சந்தேகம் தீர்ந்தது. ஆஸ்பத்திரி விரிப்புகள் எப்போதும் சாயங்காலம்தான் வந்து குவியும். வேலை நேரம் முடிந்தும் இருந்து துவைத்துக் கொடுத்தால் சட்டப்படி இரட்டைக் கூலி உண்டு. இந்த முறை அது வரவில்லை. போய்க் கேட்டேன்.

"ஓவர்டைம் தொழிலாளிக்குத்தான்யா. சூப்பர்வைசருக்குச் சட்டத்துலயே கிடையாது. நீங்கல்லாம் இப்ப நிர்வாகம்," என்றார் முதலாளி.

"அப்ப நிர்வாகம் நேரத்துக்கு வீட்டுக்குப் போலாமா?"

"விரிப்பை யாரு துவைக்கிறது?"

என் வீட்டுக்காரி இடுப்பெலும்பு உடைந்து படுக்கையில் கிடக்கிறாள். தானாக எழ முடியாது. நான் வரும்வரை பக்கத்து வீட்டுப் பெண் கூட இருப்பாள். ஆறு மணிக்கு மேல் இருப்பதற்கு அவளுக்கு நான் கொடுத்து வந்தது அந்த ஓவர்டைம் காசைத்தான். அது நின்றதும் தினமும் ஆறு மணிக்கே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப ஆரம்பித்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளை யாரும் சூப்பர்வைசர் ஆக்கவில்லையே.

ஊராருடைய விரிப்பையெல்லாம் துவைத்துப் போட்டுவிட்டு வந்து, கடைசியாக என் வீட்டுக்காரியின் விரிப்பைத் துவைப்பேன். இதில் கூத்து என்னவென்றால், என் பேட்ஜின் மேல் அவளுக்கு அத்தனை பெருமை.

"இவ்வளவு வருசம் கழிச்சு இப்பவாச்சும் அதிகாரி ஆனீங்களே," என்பாள், ஈரத்தில் கிடந்தபடியே.

யாரோ மனுப் போட்டுவிட்டார்கள். நான் இல்லை. எனக்கு எழுதவும் வராது, மனுவில் நம்பிக்கையும் கிடையாது. ஒரு சாயங்காலம் லேபர் இன்ஸ்பெக்டர் வந்தார். முதலாளி வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தார். சரி, இவரும் அந்த ரகம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"எல்லாருமே சூப்பர்வைசர்னா, இவங்க யாரை மேய்க்கிறாங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒருத்தரை ஒருத்தர், சார்," என்றார் முதலாளி.

"பேட்ஜ் குத்திட்டா ஆயிடாதுங்க. அதிகாரம் இருக்கணும். ஒரு ஆளுக்கு லீவு குடுக்கக்கூட முடியாதவர் என்ன சூப்பர்வைசர்?"

"முழு அதிகாரமும் இருக்கு சார். லீவு விஷயமெல்லாம் இவங்களே பாத்துக்குவாங்க. நான் தலையிடறதே இல்ல."

மணி ஆறை நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு எதிரே விரிப்புகள் மலையாகக் கிடந்தன. அங்கே என் வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுப் பெண் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பாள். நான் மெஷினை நிறுத்திவிட்டு மடிப்புக்காரி பக்கம் திரும்பினேன்.

"தங்கச்சி, நான் வீட்டுக்குப் போகணும். லீவு குடுக்குறியா?"

அவள் முதலாளியைப் பார்த்தாள். பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

"குடுத்தேண்ணே, போங்க. எனக்கு யாரு குடுப்பா?"

"நான் தர்றேன்."

"அப்ப எனக்கு?" என்றான் நோஞ்சான்.

பிறந்ததிலிருந்து யாருக்கும் எதையும் கொடுக்க வழியில்லாத எங்கள் கூட்டுகிற கிழவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "எல்லாருக்கும் குடுத்தாச்சுப்பா. எனக்கும் நானே குடுத்துக்கிட்டேன்."

"யோவ், ஆஸ்பத்திரி விரிப்பு கிடக்கு..." என்று முதலாளி எழுந்தார்.

"தலையிடறதில்லன்னு சொன்னீங்களே," என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். "பெரியவரே, எனக்கும் ஒண்ணு குடுங்களேன். நானும் அதிகாரிதான், ஓவர்டைம் கிடையாது."

கிழவர் அவருக்கும் கொடுத்தார்.

மறுநாள் காலையில் முதலாளி பேட்ஜுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததாம். நாங்கள் பழையபடி தொழிலாளிகளாம். ஓவர்டைம் பழைய பாக்கியோடு வருமாம். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"கைக்கு வந்துச்சா?" என்றாள்.

"வரும்னு சொல்றாங்க."

"நீங்க நம்புறீங்களா?"

"இல்ல. ஆனா அந்த இன்ஸ்பெக்டர் மறுபடி வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்கார்."

"அவரை நம்புறீங்களா?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

அன்று விரிப்பு மலையைக் கரைத்துவிட்டு வர நேரமாகிவிட்டது. வீட்டு வாசலில் அந்தப் பெண்ணின் செருப்பு அப்படியே கிடந்தது. உள்ளே போனேன். விரிப்பு காய்ந்திருந்தது. வீட்டுக்காரி என் சட்டையைத்தான் பார்த்தாள்.

"பேட்ஜ் எங்கங்க?"

"புடுங்கிட்டாங்க."

"ஐயையோ, என்ன தப்புப் பண்ணீங்க?"

"நேத்து நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன்."

அவள் பெருமூச்சு விட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரிய வேணாம்," என்றாள், தலைமாட்டில் உட்கார்ந்து தனக்குத் தலை வாரிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணை மறந்துவிட்டு.