மின்னல் பெட்டி

டிரான்சிஸ்டர் வெடித்தால் துப்பாக்கி சுட்ட மாதிரிதான் கேட்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பட்டறைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தபோது, தெருவில் போய்க்கொண்டிருந்த ஒருவர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தார். உள்ளே பெரியவள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். விரலிடுக்கில் ரத்தம் கசிந்தது. கறுப்புச் சில்லு ஒன்று கண்ணுக்குச் சற்றுக் கீழே கிழித்துக்கொண்டு போயிருந்தது.

"போச்சா?" என்றாள் சின்னவள், மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து.

"போகாம? நீ மாட்டின லட்சணத்துக்கு அது நின்னு பாட்டா பாடும்?"

பெரியவளுக்கு மோட்டார் வைண்டிங் தொழில். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துப் போட்டு, புதுச் செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றி மறுபடி ஓட வைத்துவிடுவாள். வேலையில் அவ்வளவு நிதானம். கோபம் வந்தால் மட்டும் கைக்கு எது அகப்பட்டாலும் பறக்கும். பட்டறைச் சுவரில் இருந்த பள்ளங்களில் பாதி அவள் எறிந்த சாமான்கள் செய்தவை.

சின்னவள் ஒரு நாடகக் குழுவில் விளக்கு போடுகிறவள். புது நாடகத்தில் ஒரு புயல் காட்சி. மேடையில் நிஜ மின்னலையே இறக்கிக் காட்டுகிறேன் என்று குழுவிடம் வாயை விட்டுவிட்டு அக்காவிடம் வந்து நின்றாள். அப்படித்தான் இருவரும் மின்னலை வரவழைக்கிற டெஸ்லா காயில் செய்ய ஆரம்பித்தார்கள். பிளாஸ்டிக் குழாய் ஒன்றில் மெல்லிய கம்பியை இடைவெளியே தெரியாமல் சுற்றியது பெரியவள். அதற்கு மின்சாரத்தை வெட்டி வெட்டித் தள்ளுகிற சர்க்யூட் பெட்டி சின்னவளுடையது. பெட்டிக்குள் இரண்டு டிரான்சிஸ்டர்கள். ஒன்று திறக்கும்போது மற்றது மூடியிருக்க வேண்டும். கண் இமைப்பதற்குள் ஆயிரக்கணக்கான தடவை அவை மாறி மாறித் திறந்து மூடும். கொஞ்சம் தப்பினாலும் இரண்டும் சேர்ந்தே போய்ச் சேரும்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. விரல் நீளத்துக்கு ஊதா நிறப் பொறி சீறிக்கொண்டு வந்தது. இருவரும் குதித்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து ஜோடி ஜோடியாக வெடிக்க ஆரம்பித்தது.

"கேட் ஒயரை மாத்திக் குடுத்திருக்கே. ரெண்டும் சேர்ந்து திறக்குது" என்றாள் பெரியவள், கன்னத்தில் பழைய துணியை அழுத்திக்கொண்டு.

"நூறு தடவை பார்த்துட்டேன்க்கா. ஒயர் சரியாத்தான் இருக்கு. உன் சுத்துலதான் எங்கயோ கரண்ட் ஒழுகுது."

"என் சுத்துலயா?"

"ஏன், உன் கையில தப்பே வராதா?"

"வாயை அடக்குடி. மெழுகுவத்தி பத்த வைக்கத் தெரியாதவ எல்லாம் எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டா."

அதோடு விட்டிருக்கலாம். சின்னவள் விடவில்லை. வெந்துபோன டிரான்சிஸ்டரைக் குறட்டால் பிடுங்கி மேஜைமேல் எறிந்தாள். "இப்படிப் பேசிப் பேசித்தான் உன்கிட்ட வேலைக்கு நிக்க ஒரு ஆள் இல்ல. மாமா ஏன் உன் முன்னாடி வாயே திறக்குறதில்லன்னு என்னைக்காவது யோசிச்சியா? அது மரியாதை இல்லக்கா. பயம்."

பெரியவளின் கை அதற்குள் பறந்துவிட்டது. அறை விழுந்த வேகத்தில் சின்னவளின் கண்ணாடி வார்னிஷ் வாளிக்குள் போய் விழுந்தது. சின்னவளும் சும்மா இருக்கவில்லை. அக்காவின் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, காயம் பட்ட கன்னத்திலேயே முழங்கையால் இடித்தாள். பெரியவளுக்குக் கண் இருட்டியது. இருவரும் கட்டிப் புரண்டதில் ஸ்டூல் சரிந்தது, செம்புக் கம்பி உருளை தரையெங்கும் அவிழ்ந்தது. சின்னவள் அக்காவின் கையைக் கடித்தாள். பெரியவள் அலறிக்கொண்டே அவளைத் தோளில் பிடித்து, இருந்த பலம் முழுவதையும் போட்டுத் தள்ளினாள்.

சின்னவள் மல்லாக்க மேஜைமேல் போய் விழுந்தாள். அவள் கை திறந்து கிடந்த பெட்டிக்குள் பதிந்தது.

வெடித்தவுடனேயே மெயின் சுவிட்சை அணைத்தாகிவிட்டது. ஆனால் உள்ளே இருந்த பெரிய கெப்பாசிட்டர்களுக்கு அது தெரியாது. வாங்கி வைத்த மின்சாரம் அத்தனையும் அவற்றிலேயே இருந்தது. சடாரென்று ஒரு வெளிச்சம். சின்னவளின் உடம்பு வில்லாக வளைந்து, மேஜையிலிருந்து எகிறி, ஓரத்தில் பொருத்தியிருந்த வைஸ் இடுக்கியின் இரும்புப் பிடியில் மணிக்கட்டு மோதித் தரையில் விழுந்தது. சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு அசைவே இல்லை.

பெரியவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கடிபட்ட கையை இன்னொரு கையால் பிடித்தபடி, "ஏய்" என்றாள். பிறகு, "எந்திரிடி" என்றாள். குரலில் இன்னும் அதட்டல்தான் இருந்தது. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சத்தம் கேட்டு அடுத்த அறையிலிருந்து அவள் கணவர் ஓடி வந்தார். தையல்காரர். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. மனைவியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மண்டியிட்டு மைத்துனியின் மூக்கருகே காதை வைத்தார்.

"மூச்சு இருக்கு. வண்டியை எடு."

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளுக்கு இட்ட முதல் கட்டளை அது.

வழியிலேயே சின்னவள் கண் விழித்தாள். மணிக்கட்டு முறிந்திருந்தது. உள்ளங்கையில் இரண்டு இடங்களில் தோல் கருகி வெந்திருந்தது. இதயத்துக்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் பெரியவள் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எப்படி ஆச்சு?" என்று கேட்டார் மருத்துவர்.

"கால் வழுக்கி..." என்று ஆரம்பித்தாள் பெரியவள்.

"அக்கா தள்ளிவிட்டா" என்றாள் சின்னவள், கூரையைப் பார்த்தபடி.

மருத்துவர் பெரியவளின் கன்னத்தைப் பார்த்தார். "இது இவங்க பண்ணதா?"

"இல்ல. அது டிரான்சிஸ்டர். கையில இருக்கிற கடிதான் என்னோடது" என்றாள் சின்னவளே.

யாரும் சிரிக்கவில்லை. சின்னவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்றிரவு அவள் மருத்துவமனையிலேயே தங்கினாள்.

மறுநாள் காலை பட்டறையைக் கூட்டிக்கொண்டிருந்த பெரியவளின் பக்கத்தில் தையல்காரர் வந்து நின்றார்.

"என்னங்க?"

"அந்தப் பெட்டி... முதல் தடவை ஓடின அன்னைக்குச் சாயங்காலம், ஃபியூஸ் போச்சுன்னு அதைத் தூக்கிச் சுவத்துல அடிச்சியே. அதுக்கப்புறம்தான் வெடிக்க ஆரம்பிச்சுது."

அவளுக்கு அது நினைவிலேயே இல்லை. எத்தனையோ சாமான்களை எறிந்திருக்கிறாள், எதை என்று நினைவில் வைப்பது?

"இதை ஏன் நீங்க அன்னைக்கே சொல்லல?"

அவர் அவள் கையைத்தான் பார்த்தார். துடைப்பம் பிடித்திருந்த கை. அவள் அதை மெதுவாகக் கீழே வைத்தாள்.

பிறகு பெட்டியைத் திறந்தாள். முதலில் கெப்பாசிட்டர்களில் மிச்சமிருந்த மின்சாரத்தைப் பல்பு வைத்து வடித்தாள். புது டிரான்சிஸ்டர் ஜோடியை மாட்டி, மெயின் கொடுக்காமல், அவற்றைத் திறந்து மூடுகிற சிக்னலை மட்டும், அலையைத் திரையில் காட்டுகிற ஆசிலோஸ்கோப்பில் பார்த்தாள். ஒயர் சரியாகவே இருந்தது. தங்கை சொன்னது உண்மை. ஆனால் தலை தட்டையாக இருக்க வேண்டிய அலை ஓட்டுக்கூரை மாதிரி சரிந்து கிடந்தது. டிரான்சிஸ்டர் முழுக்கத் திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. அரைகுறையாய் நின்று சூடேறி வெடித்திருக்கிறது. சிக்னலைக் கடத்துகிற கறுப்பு வளையத்தின் மேல் சுற்றியிருந்த டேப்பை உரித்தாள். வளையம் இரண்டு துண்டாக அவள் உள்ளங்கையில் விழுந்தது.

புது வளையத்தில் கம்பி சுற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மின்சாரம் வருகிற வழியில் காவலுக்கு ஒரு பல்பை மாட்டி மெல்ல ஏற்றினாள். பல்பு மங்கலாகவே எரிந்தது, எங்கும் ஷார்ட் இல்லை. பல்பை எடுத்துவிட்டு முழு மின்சாரம் கொடுத்தாள். கை நீளத்துக்கு மின்னல் ஒன்று பாய்ந்து தாழ்ந்த கூரைத் தகரத்தை அடித்தது. ஓட்டை போடுகிற மாதிரி ஒரு சத்தம், மூக்கை எரிக்கும் நெடி. பெரியவள் சுவிட்சை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

சாயங்காலம் மருத்துவமனைக்குப் போய் வளையத் துண்டுகளைக் கட்டில்மேல் வைத்தாள். "உன் ஒயர் சரிதான். நான் சுவத்துல அடிச்சதுல உடைஞ்சிருக்கு."

சின்னவள் நல்ல கையால் தண்ணீர் டம்ளரை எடுத்தாள். குடிக்கப் போகிறாள் என்று பெரியவள் நினைத்தாள். அது நேராக அவள் நெற்றியில் வந்து மோதியது. பெரியவள் நகரவில்லை.

"பெட்டியை வண்டியில ஏத்தி அனுப்பு. நீ மேடைப் பக்கம் வராதே" என்றாள் சின்னவள். "இங்கயும் வராதே."

நாடகம் நடந்தது. மின்னலைப் பார்த்து முன் வரிசைக்காரர்கள் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார்களாம். தையல்காரர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். பெரியவள் சோறு பரிமாறியபடி கேட்டுக்கொண்டாள். நெடுநாள் சகோதரிகள் பேசிக்கொள்ளவில்லை. பட்டறைச் சுவரில் புதுப் பள்ளம் எதுவும் விழவில்லை என்று சொல்ல முடியாது. ஒன்று விழுந்தது. அதன் பிறகு அவள் வெளியே போய் வெயிலில் நின்றுவிட்டு வந்தாள்.

பிறகு ஒரு நாள் போன் வந்தது.

"பெட்டி வெடிச்சிருச்சு" என்றாள் சின்னவள். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. "வரியா?"

"வரேன்."

"மாமாவையும் கூட்டிட்டு வா. நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல உட்காரட்டும்."

போனார்கள். மேடைக்குப் பின்னால் ஒரு மேஜைமேல் பெட்டி இருந்தது. தையல்காரர் நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சின்னவளின் மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகச் சேர்ந்திருந்தது. அவள் இடக்கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு பெரிய ஸ்பேனர் கிடந்தது. அந்த வேலைக்கு ஸ்பேனரே தேவையில்லை.

பெரியவள் அதைப் பார்த்தாள். பிறகு பெட்டியின் மூடியைக் கழற்ற ஆரம்பித்தாள்.