ஊதா மரத்துக்குக் கவாத்து

பள்ளிவாசல் என்கிற மலையூரில் ரிசார்ட் நடத்தும் ஜின்சனுக்குத் தேயிலையைக் கண்டாலே சலிப்பு. அந்தப் பச்சையைப் பார்க்கத்தான் ஊர் உலகமெல்லாம் வந்து அவரிடம் தங்குகிறது என்பது வேறு விஷயம். வேறு யாரிடமும் இல்லாதது ஒன்று தோட்டத்தில் நிற்க வேண்டும் என்று, ஐரோப்பாவிலிருந்து ஊதா இலை பீச் மரக்கன்று ஒன்றை வரவழைத்தார். பழம் தின்கிற பீச் அல்ல. இது சும்மா அழகாக நிற்கும், அதன் வேலை அவ்வளவுதான்.

அதைக் கவனித்துக்கொள்ள நல்லமுத்துவை வைத்தார். எஸ்டேட்டில் முப்பத்தைந்து வருஷம் கவாத்து வேலை பார்த்து, அதாவது ஓய்ந்த தேயிலைச் செடிகளை முழங்காலளவுக்கு மட்டமாக வெட்டித் துளிர்க்க வைத்து, ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதும் எஸ்டேட் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்தாயிற்று. அவருக்கும் மனைவி அழகுத்தாய்க்கும் வேறு போக்கிடம் கிடையாது.

"மரம் நல்லா இருக்கிற வரைக்கும் பின்னால உள்ள ரூம்ல தாமசிச்சோ" என்று மலையாளம் கலந்த தமிழில் தங்கச் சொன்னார் ஜின்சன். ஆக, இரண்டு பேரின் கூரை ஒரு தோளுயரக் கன்றை நம்பி நின்றது.

டிசம்பர் குளிரில் கன்றின் இலை பழுத்து மொத்தமாக உதிர்ந்தது. குளிர்காலத்தில் இலை கொட்டுவது அந்த ஜாதியின் வழக்கம் என்று நல்லமுத்துவுக்கு யாரும் சொல்லவில்லை. ஜின்சனுக்கே தெரியாது, அவர் குடும்பத்தோடு துபாயில் இருந்தார். மரம் சாகிறது என்றே நல்லமுத்து நினைத்தார். அழகுத்தாய் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஓய்ந்த செடிக்கு அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். கவாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டு போய், கிளைகளையெல்லாம் முழங்காலளவுக்கு மட்டமாக வெட்டிவிட்டார்.

திரும்பிவந்த ஜின்சன் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "ஏப்ரல் வரைக்கும் பாக்கலாம். துளிர்த்தில்லெங்கில் ரூம் ஒழிஞ்சு தரணும்."

மார்ச்சில் வெட்டுக்கு வெட்டு ஊதாத் துளிர் வெடித்தது. ஏப்ரலில் மரம் மெத்தை போட்ட மாதிரி அடர்ந்து மட்டமாக நின்றது. கொச்சியிலிருந்து வந்த தோட்டக்கலைப் பெரும்புள்ளி ஒருவர் அசந்துபோய், இது யார் டிசைன் என்று கேட்டார். "என்டெ ஐடியா" என்றார் ஜின்சன், கொஞ்சமும் கூசாமல். அந்தப் புளுகை அவரே நம்பியும்விட்டார்.

உடனே இன்னும் பத்துக் கன்றுகளுக்குச் சொல்லியனுப்பினார். இவ்வளவு நுணுக்கமான வேலையைத் தேயிலைக் கூலி ஒருவரிடம் விட முடியுமா? ஜோஜோ என்ற நிபுணரை அமர்த்தினார். நிபுணர் தங்க இடம் வேண்டுமே. பின்னால் உள்ள ரூம் ஞாபகத்துக்கு வந்தது.

"நல்லமுத்து அண்ணா, போறதுக்கு முன்னாடி ஜோஜோவுக்கு அந்த வெட்டு மட்டும் சொல்லிக் குடுக்கணும்."

நல்லமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கத்தி பிடிப்பதிலிருந்து எல்லாம் காட்டினார். ஜோஜோ போனில் படம் பிடித்துக்கொண்டு, வருஷா வருஷம் டிசம்பரில் தவறாமல் வெட்டிவிடுவதாகச் சொன்னார். நல்லமுத்து தலையை ஆட்டினார்.

ஜீப்புக்காகக் காத்திருந்தபோது அழகுத்தாய் கேட்டாள்: "அவன்ட்ட எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டீகளா?"

"எப்படி வெட்டணும்னு கேட்டான், சொன்னேன். ஒருக்கா வெட்டுனா நாலு வருஷத்துக்குக் கத்தி படக்கூடாது, பட்டா செடி செத்துரும். அதை அவன் கேக்கல."