விரத வீட்டில் பாதிக் கோப்பை தே ஓ

1

தே ஓ என்னும் பாலில்லாத இனிப்புத் தேநீர்க் கோப்பையைக் காஞ்சனாவின் உதட்டருகே கொண்டுபோன பாப்பம்மா சட்டென்று நிறுத்தினாள். பயத்தில் கை நடுங்கியது. கோப்பை தளும்பியது.

செமிலிங்கிலிருந்து காலை பஸ் பிடித்து, லூனாஸில் இருக்கும் தம்பி வசந்தன் வீட்டுக்கு வந்தவள் அவள். தம்பி வேலைக்குப் போயிருந்தான். தம்பி மனைவி காஞ்சனா சமையலறைத் தரையில் சரிந்து கிடந்தாள். நைட்டி முழுக்க வியர்வை. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் உடம்பு. இனிப்பு உடனே உள்ளே போகாவிட்டால் உயிர் தங்காது.

வசந்தன் கடையிலிருந்து பையில் கட்டி வாங்கி வந்து, பாதி குடித்துவிட்டுப் போன தே ஓ மட்டும்தான் அந்த வீட்டில் இனிப்பு. ஆனால், சோறும் சீனியும் தொடமாட்டேன் என்று முருகனுக்கு நேர்ந்துகொண்டவள் வாயில் எப்படி ஊற்றுவது?

(வாரத் தொடராக இருந்தால் உங்களை இங்கேயே ஒரு வாரம் தவிக்க விட்டிருப்பேன்.)

2

இந்தக் கதை பிறந்தது ஒரு கல்யாணப் பந்தியில். சோறு வைக்க வந்தவரை ஒரு பெண் கையால் மறித்து, "விரதம்லா" என்றாள். கரண்டி நகர்ந்துவிட்டது. டயட் என்று சொல்லியிருந்தால் பந்தியே கூடி அவள் இலையில் சோற்றைக் குவித்திருக்கும். விரதத்தை மட்டும் யாரும் குடைவதில்லை.

காஞ்சனாவை அசடாக எழுதத்தான் நினைத்தேன். (அழித்த வரி: அழகுப் பைத்தியம் பிடித்த காஞ்சனா ஒரு நாள்) அது நியாயமில்லை. சோறும் சீனியும் விட்டு உடம்பைக் குறைக்கச் சொல்லிக் குடும்ப வாட்ஸ்அப்பில் வந்த காணொளியை எல்லாரும்தான் பார்த்தார்கள். இவள் சோற்றை விட்டாள். ஆள் இல்லாத நேரத்தில் முட்டையும் கோழியும் தின்றாள். ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்க வேண்டியதாயிற்று. மாடிப்படியில் மூச்சு வாங்கவில்லை. சர்க்கரை இறங்கியது. பலன் நிஜம். பயமே அதுதான்! சோறு குறைந்தால் ஊசியின் அளவையும் டாக்டர் பார்த்துக் குறைக்க வேண்டும். திட்டுவாரே என்று அவரிடம் மூச்சு விடவில்லை. பழைய அளவே தினமும் உள்ளே போனது.

3

முடிவு ஒன்று: சாமி குத்தத்துக்கு அஞ்சிய பாப்பம்மா, கோப்பையை வைத்துவிட்டுத் திருநீறு எடுக்க ஓடுகிறாள். திரும்பி வந்து பார்த்தால்

(வேண்டாம். எழுத முடியவில்லை.)

முடிவு இரண்டு: காஞ்சனாவின் உதடு அசைகிறது.

"அண்ணி... விரதம்லாம் இல்ல. டயட்டு. குடுங்க."

பாப்பம்மாவுக்குக் கோபம் வரவில்லை.

"நீயுமாடி?" என்று மட்டும் கேட்டாள். கேட்டுக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள், கடைசிச் சொட்டு வரை. காஞ்சனாவின் கண் மெல்லத் தெளிந்தது.

4

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் பாப்பம்மாவின் நடுக்கம் நிற்கவில்லை. காலிக் கோப்பை உருண்டது. சுவரைப் பிடித்தபடியே அவளும் தரையில் சரிந்தாள். ஃபிரிட்ஜ் நிறைய முட்டை, கோழி. விரத வீடென்று சீனி டப்பாவைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள்.

என் தைரியம் இவ்வளவுதான். இப்போதுதான் கண் தெளிந்த காஞ்சனா, எழுந்து அடுத்த வீட்டுக் கதவுவரை போனாளா என்பதை நீங்கள் எழுதுங்கள். அதற்கு முன், முதல் பத்தியில் 'பயத்தில்' என்று ஒரு சொல் போட்டேன் அல்லவா, அதை அடித்துவிடுங்கள். பாப்பம்மாவின் கை பயத்தில் நடுங்கவில்லை. அவளும் பார்த்தது அதே காணொளி. அவளும் ஊரில் சொல்லி வைத்தது விரதம். பஸ் ஏறுமுன் அவளும் போட்டுக்கொண்டு வந்தாள், அதே ஊசி, பழைய அளவில்.