நிழல் கேட்ட கறுப்பு டேப்லெட்

ஒஸ்மாருக்குத் தெரியாத விஷயம் என்று சியுதாத் தெல் எஸ்தே நகரத்தில் ஒன்றும் கிடையாது. சந்தேகமிருந்தால் அவனையே கேட்கலாம். எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து பிரேசில்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து போனும் டேப்லெட்டும் அள்ளிக்கொண்டு போகிற ஊர் அது. காலுறை விற்கிறவன்கூட மெமரி, பிராசஸர் என்று அளந்து விடுவான். ஒஸ்மார் அவர்களுக்கெல்லாம் ஒரு படி மேலே. அறுபத்து நாலு கேள்விகள் அச்சடித்த தாளோடு கடைக்கு வந்திருந்தான்.

அவன் பக்கத்தில் நின்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தவள் நிமியா ஒவேலார். பேட்டைக் கால்பந்து கிளப்பின் பெண்கள் அணிக்கு ஒன்பது வருஷமாகப் பயிற்சியாளர். ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம். தோற்றால் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும்; சமமாக முடித்தாலே தப்பிக்கலாம். எதிரணி ஆடிய ஆட்டத்தை அவளே கம்பி வேலிக்கு வெளியே நின்று படம் பிடித்து வைத்திருந்தாள். இடைவேளையில் பெண்களுக்கு அதைக் காட்ட வேண்டும். அதற்குத்தான் டேப்லெட். காசும் பெண்களுடையதுதான், மூன்று ஞாயிறு கோழியும் நூடுல்ஸும் சமைத்துத் தட்டுத் தட்டாக விற்றுச் சேர்த்தது.

ஆனால் எதை வாங்குவது என்று முடிவு செய்ய வந்தவர்கள் ஆண்கள். கிளப் தலைவர் தோன் வில்ஃப்ரிதோ, மெத்தைக் கடை முதலாளி. அவருடைய மாப்பிள்ளை ஒஸ்மார், கிளப்பின் தொழில்நுட்ப ஆலோசகர். அந்தப் பதவியை உண்டாக்கியவர் மாமனார், ஏற்றுக்கொண்டவன் மருமகன்.

மேஜையில் இரண்டு டேப்லெட்கள். ஒன்று கறுப்பு, கண்ணாடி போலப் பளபளப்பு. இன்னொன்று வெள்ளை, மங்கலான முகம், பார்த்தால் சோப்புப் பெட்டி மாதிரி. ஏசி குளிரில் ஒரு மணி நேரம் இரண்டையும் தடவித் தடவி ஒஸ்மார் மதிப்பெண் போட்டான்.

"மாமா, கறுப்புதான். நாப்பத்தொம்போது கேள்வியில ஜெயிச்சிருக்கு. வெள்ளை வெறும் பதினஞ்சு."

"அப்புறம் என்ன, கறுப்பே எடுத்துருவோம்" என்றார் மாமனார், தெரெரே என்கிற குளிர்ந்த மூலிகைப் பானக் குவளையிலிருந்து வாயை எடுக்காமல்.

"ரெண்டையும் வெளியில கொண்டுபோய்ப் பார்க்கணும்" என்றாள் நிமியா.

"வெளியில எடுத்துட்டுப் போகக் கூடாது சென்யோரா" என்றாள் விற்பனைப் பெண்.

நிமியா தன் அடையாள அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள். அந்தப் பெண் அட்டையையும் ஆளையும் ஒரு முறை பார்த்துவிட்டு, தானும் கூடவே வந்தாள். உச்சி வெயில் நடைபாதையைப் பொரித்துக்கொண்டிருந்தது. நிமியா இரண்டிலும் வெளிச்சத்தை முழுசாகக் கூட்டி, அதே ஆட்டத்தை ஓடவிட்டாள்.

"தோன் வில்ஃப்ரிதோ, கறுப்புல என்ன தெரியுது?"

அவர் குனிந்து பார்த்தார். "என் மீசை தெரியுது."

"வெள்ளையில?"

"பொண்ணுங்க பந்து ஆடுறது தெரியுது."

ஒஸ்மாருக்குச் சுருக்கென்றது. "டேப்லெட்டை யாராவது வெயில்ல வச்சுப் பார்ப்பாங்களா? இதெல்லாம் ரூமுக்குள்ள பார்க்கற சாமான். இடைவேளையில டிரெஸ்ஸிங் ரூம்லதான காட்டப் போறீங்க?"

நிமியா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இரண்டு வருஷ ஆலோசகர். பெண்கள் ஆட்டம் ஒன்றுக்காவது இந்த மகான் வந்திருந்தால், டிரெஸ்ஸிங் ரூமில் மாமனாரின் மெத்தைகள் கூரை வரை அடுக்கியிருப்பதும், பெண்கள் வேலியோரம் சுடுமணலில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதும், பஸ்ஸிலேயே உடை மாற்றிக்கொண்டு வருவதும் தெரிந்திருக்கும். ஒன்பது வருஷமாக அவள் அந்த அறையைக் கேட்கிறாள். ஒன்பது வருஷமாக மெத்தைக்கு வேறு இடமில்லை.

தோன் வில்ஃப்ரிதோ பிடரியைச் சொறிந்தார்.

வெள்ளையை வாங்கினால் வெயிலிலேயே உட்கார்ந்து பார்க்கலாம், இன்னும் ஒன்பது வருஷம் பார்க்கலாம் என்று நிமியாவுக்கு அப்போது உறைத்தது. வயிற்றெரிச்சலோடு சிரிப்பும் வந்தது.

"சரி, கறுப்பையே வாங்குங்க" என்றாள்.

"இவ்வளவு நேரம் வேண்டாங்கற மாதிரி நின்னீங்களே" என்றான் ஒஸ்மார்.

"ரூமுக்குள்ள பார்க்கற சாமான்னு நீங்களே சொல்லிட்டீங்க. படிச்சவர் பேச்சுக்கு மறுபேச்சு உண்டா?"

"நிமியா, அந்த ரூம்ல மெத்தை கெடக்கே..." என்று இழுத்தார் தோன் வில்ஃப்ரிதோ.

"தெரியும். அப்ப வெள்ளையையே வாங்கிடலாம். மாப்பிள்ளை போட்ட கணக்கு தப்புன்னு கிளப் கமிட்டிக்கு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க, போதும்."

மாமனார் மருமகனைப் பார்த்தார். மருமகன் அறுபத்து நாலு கேள்வித் தாளைப் பார்த்தான். வீட்டில் மகள் வேறு இருக்கிறாள்; அவள் காதுக்குப் போனால் தோன் வில்ஃப்ரிதோவுக்கு ஒரு வாரம் சோறு இறங்காது.

"கறுப்பையே பில் போடுங்கம்மா" என்றார் அவர்.

சனிக்கிழமை ஒஸ்மாரே முதுகில் மெத்தை சுமந்து லாரியில் ஏற்றினான். நாற்பத்து மூன்று மெத்தைகள். நிமியா வாசலில் நின்று ஒவ்வொன்றாக எண்ணினாள், கைகொடுக்கவில்லை; கடைசி மெத்தை போனதும் அறைச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இடைவேளையில் ஒரு கோல் பின்தங்கியிருந்தார்கள். பதினாறு பெண்களும் அந்த அறைக்குள் நுழைந்து, ஓடுகிற மின்விசிறியைச் சாமியைப் பார்ப்பது போல அண்ணாந்து பார்த்தார்கள். கோல்கீப்பர் மிர்த்தா குழாயைத் திறந்து தலையை நீட்டினாள். அழுதாளா முகம் கழுவினாளா என்று யாரும் கேட்கவில்லை. கறுப்புத் திரையில் எதிரணியின் வலது தடுப்பாட்டக்காரி ஒவ்வொரு முறையும் இடத்தை விட்டு நடுவுக்கு ஓடுவது துல்லியமாகத் தெரிந்தது.

ஒஸ்மார் வாசலில் தலையை நீட்டினான். "படம் எப்படித் தெரியுது, கோச்?"

"பிரமாதமாத் தெரியுது. கதவை வெளிப்பக்கமாச் சாத்திட்டுப் போங்க. வெளிச்சம் அடிக்குது."

அந்தத் தடுப்பாட்டக்காரி விட்டுப்போன காலி இடத்தின் வழியாகத்தான் எழுபத்தெட்டாவது நிமிஷத்தில் பந்து போனது. ஒன்றுக்கு ஒன்று. அணி தப்பித்தது.

கூட்டம் கலைந்ததும் தோன் வில்ஃப்ரிதோ வந்து கை நீட்டினார். "அருமையான ஆட்டம் நிமியா. சரி, அந்த ரூம் சாவி. மெத்தையெல்லாம் லாரியிலயே நிக்குது."

"டேப்லெட் உள்ள இருக்கே, தோன் வில்ஃப்ரிதோ. நாப்பத்தொம்போது கேள்வியில ஜெயிச்ச சாமான். அதைக் கண்டவங்க வந்து போற எடத்துல வைக்க முடியுமா? மாப்பிள்ளை என்ன நெனப்பாரு?"

சாவியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, பெண்களோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.